மன்னார்ப் பிரபுவின் காலைக்கடன்

கெல்லிவில்லில் குடியிருக்கும் நரசிம்மன், மெரிலேண்ட்ஸில் குடியிருக்கும் மேசன் யேசுராசாவுக்குத் தர வேண்டியிருந்த தொகை ஆறாயிரத்து நூற்று எண்பத்தைந்து டொலர். சதக்கணக்கும் கொஞ்சம் இருந்தது. அதை யேசுராசா முதல் நாளே விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த நேரம் அவர் இருந்த குஷியில் ஒரு தூணையே சும்மா கட்டிக்கொடுத்திருப்பார்.

இந்தக் கடன் வந்தது காதால்.

யேசுராசா யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் கல்லு வெட்டிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. மெசினை நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது பெரிய பாடு. அதனால் நிறுத்தாமல், போனை ஒரு காதிலும் விரலை மற்றக் காதிலும் வைத்துக்கொண்டு கதைத்தார்.

"நரசிம்மன் பேசறேங்க, கெல்லிவில்ல இருந்து. வீட்டு வாசல்ல ரெண்டு ஸ்டோன் பில்லர் கட்டணும். சாதாரணமா இருக்கக் கூடாது. நான் இப்ப லார்ட் ஆஃப் த மேனர். அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்."

மெசின் இரைச்சலைத் தாண்டி யேசுராசாவின் காதுக்குள் முழுசாய் வந்து விழுந்தது ஒரேயொரு சொல், அவருடைய சொந்த ஊரின் பெயர்.

"மன்னாரோ? நீங்கள் மன்னாரோ?"

"ஆமா, மேனர்தான்." அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"மன்னாரில எவடம்?"

"எவடம்னா?"

"எந்த இடம் எண்டு கேக்கிறன்."

"ஓ. வடக்குல. சின்ன ஊருதான். பழைய சர்ச் ஒண்ணு இருக்கு."

வடக்கு, தேவாலயம். யேசுராசாவுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆனாலும் ஆசைக்கு இன்னும் இரண்டு கேட்டுப் பார்த்தார்.

"பெரிய மரம் ஒண்டு நிக்குமே?"

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்? எட்டுப் பேர் கை கோத்தாதான் சுத்த முடியும்."

"பெருக்க மரம் எனக்குத் தெரியாதோ? கழுதையள் இன்னும் றோட்டில திரியுதுகளோ?"

"ரோட்ல இல்லைங்க. கழுதைக்குன்னே ஒரு காப்பகம் வெச்சிருக்காங்க."

"நல்ல விசயம். பாவப்பட்ட சீவன்கள்."

பேச்சு இந்தியப் பேச்சாய் இருக்கிறதே என்று யேசுராசாவுக்கு ஒரு நொடி இடித்தது. அதற்கும் அவரே நியாயம் சொல்லிக்கொண்டார். தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போன சனம் எத்தனை. அங்கேயே படித்து வளர்ந்தால் நாக்கு அப்படித்தான் திரும்பும்.

"அண்ணை, முன்பணம் ஒண்டும் வேண்டாம். ஊர் ஆக்களிட்ட என்ன முன்பணம். கல்லும் நானே கடனில எடுக்கிறன். விலையிலயும் ஒரு கழிவு போட்டுத் தாறன்."

"கழிவா? இல்லைங்க, டிரெய்னேஜ் வேலை எதுவும் கிடையாது. பில்லர் மட்டும்தான்."

"விலைக்கழிவு, அண்ணை. குறைச்சுத் தாறது."

"ஓ, டிஸ்கவுண்டா? எங்க ஊர்ல கழிவுன்னா அது வேறங்க."

அந்த ஒரு சொல்லிலாவது யேசுராசா விழித்திருக்கலாம். விழிக்கவில்லை.

கல்லு வந்து இறங்கி, அத்திவாரம் வெட்டி, கொங்கிறீற் ஊற்றிய பிறகுதான் விசயம் வெளித்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த நரசிம்மனிடம் யேசுராசா கேட்டார்:

"இந்தமுறை ஆவணியில மடுவுக்குப் போறனீங்களோ, அண்ணை?"

"மடுவா? மாட்டு மடுவா?"

மடு மாதாவைத் தெரியாத மன்னார்க்காரன் உலகத்தில் இல்லை. சைவக்காரனுக்குக்கூடத் தெரியும். யேசுராசா கையிலிருந்த பேணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தக் கணினிக்கம்பனி மனேஜரை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார்.

மன்னார் இல்லை, மேனர் என்று சொல்லி நரசிம்மன் போனை எடுத்துப் படம் காட்டினார். பனிமூட்டம், பச்சை வயல், நாலைந்து செம்மறி. இங்கிலாந்தின் வடக்கே மக்கிள்பி என்று ஒரு கிராமம். அந்தக் காலத்தில் அரசன் ஒரு பிரபுவுக்கு எழுதிக்கொடுத்த நிலம், வீடு, அதில் பாடுபட்ட குடிகள் எல்லாம் சேர்ந்தது ஒரு மேனர். இப்போது நிலம் யாருடையதோ, வீடு இடிந்து எத்தனையோ காலம், குடிகள் எல்லாம் லண்டனில். மிஞ்சியிருப்பது பட்டம் மட்டும். அதை இணையத்தில் விற்கிறார்கள். நரசிம்மன் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே வாங்கிக்கொண்டார்.

"ஹிஸ்டரியே மறந்துட்ட இடம் யேசுராஜ். ஆனா மூணு ராஜா வந்து தங்கியிருக்காங்க. அங்க ஒரு வயலுக்குப் பேரே 'கிங்ஸ் ஈஸ்'. ராஜா இளைப்பாறின இடம். பெரிய அரண்மனை இருந்திருக்கணும். தோண்டறதுக்கு நான்தான் ஃபண்ட் பண்றேன்."

யேசுராசா பாதி கட்டிய தூணைப் பார்த்தார். இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான் இல்லை அது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவருடைய மனைவி மாக்கிறேட், முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை செய்துவிட்டு வந்து காலை வாளித் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் நிலத்தில்.

"நாளைக்கு ஒருத்தன் போன் எடுத்து நான் மன்னார்ப் பேசாலையில இருந்து பேசேல்லை எண்டு சொன்னாலும் நீங்கள் அவனுக்கு வீடு கட்டிக் குடுப்பியள்."

"அந்தாளுக்கும் ஒரு ஊர் இருக்குத்தானேயப்பா."

"இருக்கு. கொம்பியூட்டருக்குள்ள இருக்கு. உங்கட மன்னார்ப் பிரபு காசு தருவாரோ?"

மன்னார்ப் பிரபு தூண்கள் இரண்டும் எழும்பி முடியும்வரை கண்ணும் கருத்துமாய்க் கூட நின்றார். வலப்பக்கத் தூணில் மக்கிள்பி பிரபுக்களின் சின்னம் பதிக்கவேண்டும் என்று, இங்கிலாந்திலேயே செதுக்கிய ஒரு கல்லுக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் ஒரு கிரீடம், ஒரு பக்கம் நீட்டான ஏதோ ஒன்று, மறுபக்கம் கட்டாய்க் கட்டிய ஏதோ ஒன்று.

"இது ஈட்டி. வீரம். இது நெற்கதிர். வளம்."

ஈட்டியின் முனை தட்டையாய், மண்வெட்டிபோல இருந்தது. யேசுராசா சாந்தைக் குழைத்தார். மற்றவன் வீட்டு ஈட்டி எப்படி இருந்தால் அவருக்கென்ன.

வேலை முடிந்தது. காசு வரவில்லை. முதலில் சின்னம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறதாம். பிறகு வங்கியில் ஏதோ மாற்றமாம். அதற்குப் பிறகு உண்மை வந்தது: மக்கிள்பியில் மண் கிண்டுகிற ஆட்களுக்குக் காசு போய்க்கொண்டிருக்கிறது. அங்கே கிண்டுகிறவனுக்குக் கொடுக்க, இங்கே கிண்டினவனுக்கு இல்லை.

இதற்கிடையில் கல்லு யார்ட்காரன் நாளுக்கு இரண்டு தரம் போன் அடித்தான். திங்கட்கிழமைக்குள் கல்லுக்காசு வராவிட்டால் யேசுராசாவின் கடன்கணக்கை மூடிவிடுவானாம். கணக்கை மூடினால் அடுத்த வேலைக்குக் கல்லு இல்லை. கல்லு இல்லாவிட்டால் யேசுராசா என்பவர் மண்வெட்டியோடு நிற்கும் ஒரு கிழவன், அவ்வளவுதான்.

"சண்டே வாங்க யேசுராஜ்," என்றார் நரசிம்மன். "மக்கிள்பியோட முக்கியத்துவத்தை அந்த ஊர் ஹிஸ்டரி மேடமே நேரலையில சொல்றாங்க. நம்ம தமிழ்ச் சங்கம் பூரா வருது. முடிஞ்சதும் செட்டில் பண்ணிடலாம். ஃபேமிலியோட வாங்க."

"நானும் வாறன்," என்றாள் மாக்கிறேட். "உங்களைத் தனிய விட்டா, அந்தாள் யாழ்ப்பாணத்தையும் வாங்கிப்போட்டன் எண்டு சொல்லி ஒரு மதிலும் கட்டுவிச்சுப்போடும்."

ஞாயிறு பின்னேரம் போனால், கல்யாணவீடு மாதிரி இருந்தது. வாசலில் வண்ணக்கோலம். பின்முற்றத்தில் கூடாரம், கதிரைகள், சுவரளவு ரெலிவிசன். புளியோதரையும் தயிர்சாதமும் மணத்தன. வந்தவர்கள் எல்லாரும் முதலில் வலப்பக்கத் தூணில் கை வைத்து, சின்னத்துக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். நரசிம்மன் கரும்பச்சைக் கோட்டுப் போட்டிருந்தார். அதன் பையிலும் அந்தச் சின்னம்.

அவருடைய மனைவி வைஜயந்தி ஓடிவந்து யேசுராசாவைக் கும்பிட்டாள். "அண்ணா, பில்லர் அவ்ளோ அழகு. எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"கேட்டவைக்கு விலையையும் சொல்லிவிடுங்கோ, தங்கச்சி," என்றாள் மாக்கிறேட். வைஜயந்தி அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டாள்.

இருவரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய் தகப்பன்மார் பலர் முன்வரிசையில் இருந்ததால், ஆங்கிலத்தைத் தமிழாக்கச் சங்கப் பொருளாளர் நாகராஜன் ஒலிவாங்கியோடு நின்றார். அவருக்குத் தமிழ் என்றால் மேடைத் தமிழ்தான். வீட்டில் உப்புக் கேட்பதானாலும் அவையோரே என்றுதான் தொடங்குவார் என்று சொல்லுவார்கள்.

திரையில் ஒரு மூதாட்டி வந்தாள். பற்றீசியா என்று பெயர். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்ந்தவள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் ஒரு பூனை மேசைமேல் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது.

யேசுராசாவுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, வேலைத்தளத்தில் வந்தது. கிண்டு, குழி, ஆழம், மண்வெட்டி, சம்பளம், இன்னும் தரேல்லை. இந்தச் சொற்களில் அவரை அடிக்க ஆளில்லை. பிரபு, அரண்மனை என்று ஏதும் வந்தால் நித்திரை கொள்ளலாம் என்றுதான் சாய்ந்து இருந்தார்.

ஆனால் அந்த மனுசி வாய் திறந்த நேரம் தொட்டு வந்ததெல்லாம் அவருடைய சொற்கள்.

கிங்ஸ் ஈஸ் வயலில் குழி கிண்டினார்களாம். நல்ல ஆழமான குழியாம். சுற்றிவரக் கல்லுக் கட்டியிருந்ததாம். யேசுராசா நிமிர்ந்து இருந்தார்.

"குழிக்குள்ளே அத்திப்பழ விதை கிடைத்தது," என்றாள் பற்றீசியா. "மிளகும் கிடைத்தது. அந்தக் காலத்தில் மிளகு தங்கத்துக்குச் சமம். இந்தியாவிலிருந்து வந்திருக்கவேண்டும்."

நரசிம்மன் எழும்பிவிட்டார். "நம்ம மிளகு. பாத்தீங்களா? அப்ப அது ராஜாவோட டைனிங் ஹால்."

நாகராஜன் அதை உடனே தமிழாக்கினார்: "மன்னர் விருந்துண்ட மாமண்டபம்."

திரையில் பற்றீசியா ஒரு கணம் யோசித்தாள். "சாப்பாட்டு அறை இல்லை, மிஸ்டர் நரசிம்மன். சாப்பாடு கடைசியாகப் போய்ச் சேருகிற இடம்."

நாகராஜன் ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"ஈஸ் என்றால் ஓய்வு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் திருத்தி மூன்று தரம் பதில் போட்டேன், நீங்கள் பார்க்கவில்லைப்போல. அந்தச் சொல்லுக்கு இங்கே அர்த்தம், வயிற்றுக்கு ஓய்வு. மக்கிள்பி பிரபுவுக்கு அரசன் இந்த நிலத்தைக் கொடுத்ததே ஒரு ஊழியத்துக்காகத்தான். அரசன் வடக்கே போகும்போது புதுக்குழி ஒன்று வெட்டுவித்து, பிரபு தன் கையால் வைக்கோல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். சின்னத்தில் இருக்கிறதே, மண்வெட்டி, வைக்கோல்."

முன்வரிசையில் ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்ன தம்பி சொல்றாங்க?" என்று கேட்டார்.

நாகராஜனால் பொய் சொல்லவும் முடியவில்லை, உள்ளபடி சொல்லவும் வாய் வரவில்லை. நெற்றியைத் துடைத்தார். பிறகு மேடைத் தமிழ் அவருக்குக் கை கொடுத்தது.

"அவையோரே, மக்கிள்பி என்பது... மன்னர்கள் காலைக்கடன் கழித்த திருத்தலம்."

பின்வரிசையில் மாக்கிறேட் சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்தாள். யேசுராசா அவள் முழங்கையில் இடித்தார். இடித்தவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

பற்றீசியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டில்லை. சுற்றிவரச் சதுப்பு, அந்தப் பக்கத்திலேயே உலர்ந்த மேட்டுநிலம் மக்கிள்பி ஒன்றுதான் என்று விளக்கினாள். படை தங்கினால் ஆயிரம் பேருக்கும் அங்கேதான் குழி. மக்கிள்பியில் தங்கிப் போன படை எல்லாம் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது. வேறு இடத்தில் தங்கின படை வயிற்றோட்டம் வந்து, வாளைத் தூக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோற்றது. இங்கிலாந்தின் வடக்கு எல்லையைக் காத்தது கோட்டையில்லை, நல்ல கக்கூசு என்று அவள் கன்னம் சிவக்கச் சொன்னாள். யேசுராசாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குழியின் அருமை தெரிந்த மனுசி.

"பிறகு ஏன் மேடம் அந்த ஊரை எல்லாரும் மறந்தாங்க?" வைஜயந்தி கேட்டாள். அவள் ஒருத்திதான் பயப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது துக்கமான கதை. கடைசிப் பிரபு குழி வெட்டினவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. பெருமைக்காரன். விருந்துக்கும் உடுப்புக்கும் செலவழித்துவிட்டு, அரசன் வந்து போனபிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசன் வருகிற அன்று குழியைத் திரும்ப மூடி, மேலே புல்லும் பதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அரசன் வந்து இறங்கினான். அவசரத்தில் இறங்கினான். அதற்குப் பிறகு எந்த அரசனும் அந்தப் பாதையால் போகவில்லை."

நாகராஜனுக்கு இப்போது சுருதி பிடித்துவிட்டது. "பிரபு கடனைத் தீர்க்காததால், மன்னர் கடனைக் கழிக்க முடியாமற் போயிற்று."

கூடாரம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து, கடைசி வரிசையிலிருந்து மாக்கிறேட்டின் குரல் வந்தது. முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு கதைத்துப் பழகின குரல்.

"அப்ப இஞ்ச தூண் கட்டினதுக்கு எப்ப தீர்ப்பியள் எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ, ஐயா."

கதிரைகள் எல்லாம் திரும்பின. யேசுராசாவுக்கு நிலத்துக்குள் போகலாம்போல இருந்தது. ஆனால் திங்கட்கிழமை என்பது அடுத்த நாள். அவர் எழும்பி நின்றார்.

"சேர், நான் சபையில கேக்கிற ஆளில்லை. கல்லுக்காரன் நாளைக்குக் கணக்கை மூடுறானாம். அதுதான்."

வைஜயந்தி புருசனைப் பார்த்தாள். "என்னங்க இது? மார்ச்லயே குடுத்தாச்சுன்னு சொன்னீங்க."

"குடுக்கத்தான் இருந்தேன் வைஜூ. எக்ஸ்கவேஷனுக்கு..."

"கக்கூஸ் தோண்டறதுக்குக் குடுத்தீங்களா?"

அதற்குமேல் அங்கே யாருக்கும் பற்றீசியா தேவைப்படவில்லை. சனம் எழும்பி வாசலுக்கு ஓடியது. கைவைத்துப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் இப்போது மண்வெட்டியும் வைக்கோலும் தெளிவாய்த் தெரியத் திரும்ப எடுக்கவேண்டுமாம். ஒருவர் தயிர்சாதத் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சின்னத்துக்குக் கீழே குந்திக் காட்டினார்.

நரசிம்மன் யேசுராசாவின் கையைப் பிடித்துக் கூடாரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். கோட்டைக் கழற்றியிருந்தார். "யேசுராஜ், ப்ளீஸ். அந்தக் கல்லை இப்பவே எடுத்துருங்க."

"எடுக்கலாம் சேர். கழட்டுறது வேற வேலை, அதுக்கு வேற காசு. முதல் கட்டினதுக்குத் தாங்கோ."

"இது என்ன பிளாக்மெயிலா?"

"இல்ல சேர். மக்கிள்பி ஆக்கள் மாதிரி நான் தூணைப் புரட்டிப்போட்டுப் போகேல்லைத்தானே? கேட்டுக்கொண்டெல்லோ நிக்கிறன்."

நரசிம்மன் போனை எடுத்தார். அவருக்குப் பின்னால் வைஜயந்தி வந்து நின்றதும் ஒரு காரணமாய் இருக்கலாம். விரலால் தட்டினார், முகத்தைச் சுளித்தார், இன்னொரு தரம் தட்டினார். யேசுராசாவின் பையில் போன் உறுமியது. மாக்கிறேட் அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.

"ஆறாயிரம் வந்திட்டுது. மிச்சம் எங்க?"

"ஒரு நாள் லிமிட் அவ்வளவுதாங்க. மிச்சம் நூத்தி எண்பத்தஞ்சு நாளைக்கு சத்தியமா போட்டுடறேன். இப்ப அந்தக் கல்லு."

"கல்லு அங்கேயே இருக்கட்டும்," என்றாள் வைஜயந்தி. "இந்தத் தெருவுல எல்லார் வீட்டு வாசல்லயும் சிங்கம்தான் இருக்கு. நம்ம வீடுன்னா இனிமே யாருக்கும் வழி சொல்லவே வேண்டாம்."

நரசிம்மன் ஒரு கதிரையில் போய் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலே ஒரு பத்தைக் கூட்டினமாதிரி இருந்தது முகம். காலி முற்றத்தில் பற்றீசியா மட்டும் திரையில் இன்னும், "ஹலோ, கேட்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பூனை பாலைக் குடித்து முடித்துவிட்டது.

யேசுராசாவுக்கு ஏனோ அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. வாங்கிய ஊரென்றாலும் ஊர்தானே. தன் ஊர் பெரிய ஊர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசையில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

"சேர், அந்த மனுசி சொன்னது உண்மை. கோட்டை கட்ட ஆயிரம் பேர் இருப்பினம். குழியில்லாட்டி ஒருத்தராலயும் இருக்கேலாது. வெக்கப்பட ஒண்டுமில்லை."

நரசிம்மன் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவருடைய வாயோரத்தில் வந்து நின்றது. "நாளைக்கு அந்த நூத்தி எண்பத்தஞ்சு..."

"அது வேண்டாம் சேர். அது கழிவு."

"எந்தக் கழிவு, யேசுராஜ்?"

"ரெண்டும்தான்," என்றார் யேசுராசா. "மன்னார் ஆக்களுக்கு நான் எப்பவும் குடுக்கிறது."